இருபத்தொன்றாம் கட்டம்

நண்டு வளைகளை எண்ணுவதற்கு ஓர் இரும்புக் கட்டம் வேண்டும் என்று ஷம்சியா சொன்னபோது, கார்மேகம் வெல்டிங் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னான். முதுகுளத்தூர்க்காரன். ஷார்ஜா தொழில்பேட்டையில் ஒன்பது வருடமாக வெல்டிங் அடிக்கிறான். கட்டில் கேட்டிருக்கிறார்கள், புறாக்கூண்டு கேட்டிருக்கிறார்கள், ஒட்டகத்துக்குத் தீவனத்தொட்டி கேட்டிருக்கிறார்கள். நண்டுக்கென்று யாரும் எதையும் கேட்டதில்லை.

"நண்டப் புடிக்கவாக்கா?"

"புடிக்க இல்ல, எண்ண. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர். நாலு பக்கமும் சரியா ஈக்கணும். அர விரல் கூடினாலும் என் கணக்கு தப்பாப் போயிரும்."

அவன் பைப்பை அறுத்து, மூலைமட்டம் வைத்து, கால்மணி நேரத்தில் செய்து கொடுத்தான். சேற்றில் போட்டாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டுமே என்று மஞ்சள் பெயிண்டும் அடித்தான். தான் வேலை பார்க்கும் கடையின் ஆயில் ட்ரம்களைப் பக்கத்துக் கடைக்காரர்கள் தூக்கிப் போகாதிருக்க அடிப்பக்கத்தில் ஒரு வளையம் போடுவான்; அதே பெயிண்ட்.

அது தொண்ணூற்றாறு நவம்பர். ஷம்சியாவுக்கு முப்பத்திரண்டு வயது. அதிராம்பட்டினத்துப் பெண். திருச்சியில் விலங்கியல் பரீட்சை எழுதி முடித்த மாதமே முகம்மது ரிபாய்க்கு வாழ்க்கைப்பட்டு ஷார்ஜாவுக்கு வந்துவிட்டாள். ரிபாயும் அவன் அண்ணன் ஜெய்னுலாப்தீனும் சேர்ந்து தொழில்பேட்டையில் ஒரு கராஜ் வைத்திருந்தார்கள்; கார்மேகம் வேலை பார்த்ததும் அங்கேதான். ஆயில் மாற்றுவதும் பிரேக் பார்ப்பதும்தான் பெரும்பாலும் வேலை. ரோலா பக்கம் இரண்டு அறை வீடு. மகள் சப்ரீனா மூன்றாம் வகுப்புக்குப் போன பிறகு பகலெல்லாம் வீடு காலியாகக் கிடந்தது. அந்தக் காலி நேரத்தில் இங்கிலாந்துப் பல்கலைக்கழகம் ஒன்றின் விளம்பரத்தைச் செய்தித்தாளில் பார்த்தாள். சூழலியலும் காட்டுயிர்ப் பாதுகாப்பும், தபால் வழியாக. வளைகுடாவில் இருப்பவர்கள் துபாயிலேயே பரீட்சை எழுதலாம்.

ரிபாய் மறுக்கவில்லை. ஜெய்னுலாப்தீனும் மறுக்கவில்லை, ஆனால் அவர் சொன்ன தோரணை வேறு. தம்பி மனைவியிடம் நேராகப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. ஷம்சியா கைக்கெட்டும் தூரத்தில் நின்றாலும், "தம்பி, கறியில உப்பு கொறச்சல்னு சொல்லு" என்பார். படிப்பைப் பற்றியும் அப்படித்தான் சொன்னார்: "டைலரிங் கத்துக்கிட்டாலாவது ரெண்டு பேருக்குத் தைச்சுக் கொடுக்கலாம். சரி, ஆசப்படுறாஹ, படிக்கச் சொல்லு."

பாடத்தில் ஒரு களப்பணி இருந்தது. அஜ்மானைத் தாண்டி ஒரு கழிமுகம். கடல்நீர் உள்ளே ஏறி இறங்கும் சேற்றுவெளியில் அலையாத்தி மரங்கள் இடுப்பளவும் ஆளுயரமுமாக நிற்கும். ஊரில் பார்த்த அதே சாதி. அரபிகள் குர்ம் என்பார்கள். அங்கே நண்டுகள் எங்கே அதிகம், எங்கே குறைவு, ஏன் என்று கண்டு எழுத வேண்டும். நகராட்சியில் அனுமதி கேட்டு விண்ணப்பித்தாள். ஆய்வின் நகல் ஒன்றைத் தங்களுக்குத் தர வேண்டும் என்ற நிபந்தனையோடு ஒரு கடிதம் கொடுத்தார்கள். அவள் அதை பிளாஸ்டிக் உறையில் போட்டுப் பத்திரமாக வைத்துக்கொண்டாள்.

எந்த இடத்தில் எண்ணுவது என்பதை அவள் முடிவு செய்யவில்லை. புத்தகத்தின் கடைசியில் எண்கள் வரிசையாகக் கொட்டிக் கிடக்கும் ஒரு பட்டியல் இருந்தது. கண்ணை மூடி அதில் பென்சிலை வைத்து, வந்த எண்களின்படி வரைபடத்தில் முப்பது புள்ளி குறித்தாள். சேற்றைப் பார்க்கும் முன்பே குறித்துவிட வேண்டும். பார்த்த பிறகு குறித்தால் மனசு நல்ல இடமாகத் தேடும் என்று பாடத்தில் இருந்தது. அந்த வரி அவளுக்குப் பிடித்துப்போய், சமையலறைச் சுவரில் எழுதி ஒட்டினாள்.

வெள்ளிக்கிழமைகளில் ஜும்ஆ முடிந்ததும் ரிபாய் அவளைப் பிக்கப்பில் கூட்டிப் போவான். கடல் வற்றும் நேரம் செய்தித்தாளில் வரும். அபாயாவை முழங்காலுக்குத் தூக்கிச் செருகி, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு அவள் இறங்குவாள். கட்டத்தைப் போடுவாள், குனிவாள், எண்ணுவாள். ரிபாய் கரையில் நின்று நோட்டில் எழுதுவான். "முப்பத்தேழு." "நாப்பத்தொண்ணு." "இருபத்தெட்டு." தூரத்தில் பூநாரைகள் தலையைக் கவிழ்த்து மேயும். டிசம்பர் முடிவதற்குள் இருபது கட்டம் முடிந்தது. ஒரு நாள் ரிபாயும் பேன்ட்டை மடித்துவிட்டு இறங்கி, ஒரு நண்டு கொடுக்கை ஆட்டிக்கொண்டு வளைக்குள் போவதைக் குந்தி உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தான். நானே ஒரு தரம் எண்ணவா என்று கேட்டான்.

மீதிப் பத்துக் கட்டம் கழிமுகத்தின் நிலப்பக்கம், உப்புத்தரையில் லாரித்தடம் வந்து முடியும் இடத்தில். நோன்பு தொடங்கிய முதல் வெள்ளிக்கிழமை அங்கே போனார்கள். முந்தின நாள் நல்ல மழை. உப்புத்தரை பிசுபிசுவென்று காலை உள்ளே இழுத்தது.

இருபத்தொன்றாம் கட்டத்தைப் போட்டவள் எண்ணைச் சொல்லவில்லை. ரிபாய் இரண்டு தடவை கேட்டான். அலையாத்தியின் மூச்சுவேர்கள் விரல் விரலாகச் சேற்றிலிருந்து நிமிர்ந்து நிற்கும். இங்கே அத்தனை விரலும் கருப்பு. குனிந்து தொட்டாள். கையை மூக்குக்குக் கொண்டுபோகத் தேவையே இருக்கவில்லை. ஒன்பது வருடமாக ரிபாயின் சட்டையில் துவைத்த மணம்.

இருபத்திரண்டிலும் அப்படித்தான். இருபத்து நான்கில் ஒரு ட்ரம் பாதி புதைந்து, வாய் திறந்து கிடந்தது. அதன் அடியில் மஞ்சள் வளையம்.

ரிபாய் நோட்டை மூடினான். வீட்டுக்கு வந்து நோன்புக் கஞ்சி காய்ச்சினாள். அரிசியும் பாசிப்பருப்பும் குழைந்து, வெந்தயமும் பூண்டும் மணக்கத் தேங்காய்ப்பால் ஊற்றும்போதுதான், அடுப்பைப் பார்த்தபடியே, எப்போதிலிருந்து என்று கேட்டாள்.

அவன் சொன்னான். பழைய ஆயிலை வாங்கிப்போக ஒரு பலூச்சி வருவான். விசா இல்லாதவன். அரசாங்கம் பொதுமன்னிப்பு அறிவித்ததும் மற்றவர்களோடு சேர்ந்து அவனும் கப்பலேறிப் போய்விட்டான். அக்டோபரில் கடைக்குப் பின்னால் ட்ரம் வைக்க இடமில்லை. அண்ணன் ஒரு பிக்கப்காரனைப் பிடித்தார். எங்கே கொண்டுபோகிறாய் என்று கேட்க வேண்டாம் என்று பேச்சு.

"நீங்க கேக்கலியா?"

"கேக்கல" என்றான் ரிபாய்.

ஜெய்னுலாப்தீனின் மனைவி ஊரில் இருந்தாள். அதனால் நோன்பு மாதம் முழுக்க அவர் தம்பி வீட்டில்தான் நோன்பு திறப்பார். மறுநாள் மாலை பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தைக் கடித்து, கஞ்சியை இரண்டு கிண்ணம் குடித்து, இறால் வாடாவை எடுத்துக்கொண்டு, தொழுதுவிட்டு வந்து உட்கார்ந்தார். ரிபாய் விஷயத்தைச் சொன்னான். அவர் கோபப்படவில்லை. சுவரைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, அவஹளைப் படிக்க வேணாம்னு யாரும் சொல்லல. முப்பது கட்டத்துல இருபது முடிஞ்சிருச்சில்ல? மீதிப் பத்த வேற நல்ல எடமாப் பாத்து எண்ணச் சொல்லு. கடல்தான் எம்புட்டு ஈக்குது."

"அப்படி மாத்த முடியாதுங்க" என்றாள் ஷம்சியா கதவோரம் நின்று, கணவனைப் பார்த்து.

"ஏன் முடியாதுன்னு கேளு."

"சேத்தப் பாக்குறதுக்கு முந்தியே எடம் குறிச்சாச்சு. பாத்துட்டு மாத்துனா அது ஆய்வு இல்ல. பொய்."

ஜெய்னுலாப்தீன் வாடாவை முழுதாகத் தின்று முடித்தார். தாளிலே நாலு வரி எழுதுவதற்காகக் கடையின் லைசென்ஸைக் கழுத்தில் கயிறு கட்டித் தொங்கவிட முடியாது என்றார். நகராட்சிக்கு நகல் போகும். அவர்கள் கடைக்கு சீல் வைப்பார்கள். லைசென்ஸுக்கும் விசாவுக்கும் பொறுப்பேற்ற அரபி, கபீல், அன்றைக்கே கையை உதறிவிடுவார். ரிபாயின் விசா போனால் இவள் விசாவும் பிள்ளையின் விசாவும் போகும். பதினைந்து வருடமாக இந்த வெயிலில் ஆயிலோடு ஆயிலாகக் கிடந்து உண்டாக்கியது. அவர் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. ஷம்சியாவுக்கும் தெரியும். ஆனாலும் சொன்னாள்.

"ட்ரம் நம்மளுது. நம்ம போய் அள்ளுவோம். நானும் வந்து அள்ளுறேன். அள்ளினதையும் எழுதுறேன். ஆனா எழுதாம விடமாட்டேன்."

"அப்ப நம்ம கட பேரையும் எழுதுவாஹளான்னு கேளு."

"எழுதுவேன்."

அவர் எழுந்து செருப்பைப் போட்டுக்கொண்டார். நாளையிலிருந்து வண்டிச் சாவி தன்னிடம் இருக்கட்டும் என்று தம்பியிடம் சொன்னார். ரிபாய் எடுத்துக் கொடுத்துவிட்டான்.

அந்தச் சாவிக்காக அவள் கணவனோடு சண்டை போடவில்லை. அடுத்த வாரம் சப்ரீனாவைப் பள்ளி வேனில் ஏற்றிவிட்டு, கட்டத்தைத் தோளில் மாட்டிக்கொண்டு, அஜ்மானுக்கு ஷேர் டாக்ஸி பிடித்தாள். பட்டான் டிரைவர் இது என்ன ஜன்னல் சட்டமா என்று கேட்டான். ஆமாம் பாய், கடலுக்கு ஜன்னல் வைக்கப் போறேன் என்று இந்தியில் சொன்னாள். அங்கிருந்து இன்னொரு டாக்ஸி. அது தார்ச்சாலையோடு திரும்பிவிட்டது. மீதி நடை. நோன்பு வாயோடு நாக்கு ஒட்டிக்கொண்டது. இப்படி நான்கு நாள் போனாள். இருபத்தொன்று, சுழி. இருபத்திரண்டு, சுழி. இருபத்தேழில் இரண்டு வளைகள் இருந்தன. குச்சியால் தோண்டிப் பார்த்தாள், இரண்டிலும் நண்டு செத்துக் கிடந்தது. அதையும் எழுதினாள். இரண்டாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. நோட்டை அபாயாவுக்குள் செருகிக்கொண்டு அலையாத்திக்கு அடியில் குந்தியிருந்தபோது, மழைத்தண்ணீர் ட்ரம் பக்கமிருந்து பளபளவென்று நிறம் நிறமாக ஓடிவந்து, சேற்றுவெளியின் கீழ்ப்பக்கம், அவள் முப்பத்தேழும் நாற்பத்தொன்றும் எண்ணிய கட்டங்களை நோக்கிப் போவதைப் பார்த்தாள். அழுதுகொண்டு இருக்க நேரமில்லை. எந்த வழியாகப் போகிறது என்று வரைபடத்தில் அம்புக்குறி போட்டாள்.

பெருநாள் முடிந்து நான்காம் நாள் அறிக்கையை டைப் செய்து முடித்தாள். பதினெட்டுப் பக்கம். ரிபாய் வேலையிலிருந்து வந்து கைகழுவி, மேசையில் உட்கார்ந்து, விரலை வரிக்கு வரி நகர்த்திப் படித்தான். அவனுடைய ஆங்கிலம் ஸ்பேர் பார்ட்ஸ் பெயர்களோடு நிற்கும். ஆனாலும் ஒரு பக்கத்தையும் விடவில்லை. பன்னிரண்டாம் பக்கத்தில் விரல் நின்றது.

"பதினொரு ட்ரம்னு போட்டிருக்க."

"கரையில கெடந்ததை எண்ணிட்டேன்."

"பதினாலு" என்றான் ரிபாய். "மூணு தண்ணிக்குள்ள ஈக்குது. நான் போய் அந்தப் பிக்கப்காரன்ட்ட கேட்டேன்." பக்கத்தை அவள் பக்கம் தள்ளினான். "மாத்து. தப்பா ஈக்கக் கூடாது."

ஷம்சியா அந்தப் பக்கத்தை மறுபடி டைப் செய்தாள். ரிபாய் எழுந்துபோய் இரண்டு பேருக்கும் பால் இல்லாத சுலைமானித் தேநீர் போட்டுக்கொண்டு வந்தான். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவன் அடுப்படிக்குள் போனது அன்றுதான். சர்க்கரை அதிகம். அவள் சொல்லாமல் குடித்தாள்.

நகராட்சியில் அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்ட இளைஞன் முதல் பக்கத்தை மட்டும் பார்த்துவிட்டு, நன்றி மேடம், வைத்துவிட்டுப் போங்கள் என்றான். முத்திரை போட்டு ரசீது தராமல் போவதில்லை என்று அவள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு மணி நேரம் ஆனது. போட்டுக் கொடுத்தான்.

மார்ச் முதல் வாரத்தில் சூடான் நாட்டு இன்ஸ்பெக்டர் ஒருவர் கராஜுக்கு வந்தார். தடித்த உருவம், இஸ்திரி மடிப்புக் கலையாத சட்டை, பளபளக்கும் தோல் ஷூ. கையில் அறிக்கை. ஜெய்னுலாப்தீன் அவருக்கு பெப்சி வாங்கி வைத்து, அரபியும் இந்தியுமாகச் சொன்னார்: வீட்டில் இருக்கும் பெண், பொழுது போகாமல் ஏதோ படிக்கிறாள், அங்கே இருப்பது ஆயில் இல்லை, அந்தச் சேறே கருப்புத்தான், கடல் பக்கம் எங்கேயும் அப்படித்தான் இருக்கும். இன்ஸ்பெக்டருக்கும் அதுதான் வசதியாகத் தெரிந்தது. எழுதிக்கொண்டு போய்விடலாம். ரிபாய் கிரீஸ் கையோடு ஜாக்கியடியிலிருந்து வெளியே வந்து, அந்தப் பெண் வீட்டில்தான் இருக்கிறாள், கூப்பிட்டுக் கேட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டு, அண்ணன் முகத்தைப் பார்க்காமல் போனை எடுத்தான்.

இன்ஸ்பெக்டர் வண்டியில்தான் போனார்கள். முன்னால் ஜெய்னுலாப்தீன். பின்னால் ஷம்சியா, ரிபாய், மடியில் மஞ்சள் கட்டத்தோடு கார்மேகம். லாரித்தடம் முடிந்ததும் இன்ஸ்பெக்டர் இறங்கி, கண்ணுக்கு மேல் கையை வைத்து ஒரு பார்வை பார்த்தார்.

"மரமெல்லாம் பச்சையாகத்தானே இருக்கிறது, மேடம்."

"கீழே பாருங்கள் சார். இங்கிருந்து தெரியாது. இறங்க வேண்டும்."

அவள் இறங்கினாள். பத்தடி போய்த் திரும்பி நின்று காத்திருந்தாள். காத்திருக்கும் பெண் ஒருத்தியை வைத்துக்கொண்டு ஆண்கள் கரையில் நிற்க முடியவில்லை. இன்ஸ்பெக்டர் ஷூவோடு சேற்றில் கால் வைத்தார். ஜெய்னுலாப்தீன் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வேட்டி மடிப்பதுபோலப் பேன்ட்டை மடித்தார். ஐந்தாவது அடியில் இன்ஸ்பெக்டரின் ஒரு ஷூ உள்ளே தங்கிவிட்டது. கார்மேகம் கையை விட்டு அதை உருவிக் கொடுத்தான். அது கருப்பாக, ஒழுகிக்கொண்டு வந்தது. இன்ஸ்பெக்டர் முகர்ந்து பார்த்தார். முகம் மாறியது.

ஷம்சியா முதலில் அவர்களைக் கீழ்ப்பக்கம் எட்டாம் கட்டத்துக்கு நடத்திப்போனாள். கட்டத்தைப் போட்டாள். வளை வளையாகச் சல்லடைக்கண் போலச் சேறு. எண்ணச் சொன்னாள். இன்ஸ்பெக்டர் முப்பத்தொன்று என்றார். பிறகு மேல்பக்கம், இருபத்தொன்றுக்கு வந்தார்கள். கட்டத்தைப் போட்டுவிட்டு அவள் குனியவில்லை. தலைமுக்காட்டைச் சரிசெய்துகொண்டு, ஒன்பது வருடத்தில் முதன்முறையாக, கணவனின் அண்ணனை நேராகப் பார்த்தாள்.

"பெரிய மச்சான். நீங்க எண்ணிச் சொல்லுங்க."

அவர் தம்பியைப் பார்த்தார். ரிபாய் நோட்டைத் திறந்து பென்சிலை வைத்துக்கொண்டு காத்திருந்தான். வெயில் ஏறிவிட்டிருந்தது. ஜெய்னுலாப்தீன் குனிந்தார். கடற்கரையில் பிறந்தவர். சேறு எது, ஆயில் எது என்று யாரும் அவருக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. கருத்த மூச்சுவேர்களுக்கு நடுவே விரலை ஓட்டி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைவரை தேடினார். வெகுநேரம் தேடினார்.

"ஒண்ணுமில்ல" என்றார்.

"சத்தமாச் சொல்லுங்க. அவஹ எழுதணும்."

"ஒண்ணுமில்ல புள்ள" என்றார் அவர், அவளிடமே.

போதும், தெரிந்துவிட்டது, போகலாம் என்றார் இன்ஸ்பெக்டர் ஒற்றைக் காலில் நின்று.

"இன்னும் ஒன்பது இருக்கிறது சார்" என்று ஷம்சியா ஆங்கிலத்தில் சொன்னாள். கட்டத்தைத் தூக்கித் தோளில் மாட்டிக்கொண்டு அடுத்த புள்ளிக்கு நடந்தாள். பின்னால் நான்கு ஆண்களும் சேற்றில் சளக் சளக்கென்று கால் பிடுங்கி வைத்து வந்தார்கள். பத்துக் கட்டமும் பார்க்காமல் அவள் ஒருவரையும் கரையேற விடவில்லை.

கடைக்கு இருபது நாள் சீல் வைத்தார்கள். கருப்புச் சேற்றை வழித்து அள்ளிப்போகச் சொல்லி உத்தரவு. கார்மேகமும் ரிபாயும் மற்ற மெக்கானிக்குகளும் பதினொரு நாள் மண்வெட்டியோடு கிடந்தார்கள். ஷம்சியா பள்ளி வேன் போனதும் வந்து, எந்த வேரை ஒடிக்கக் கூடாது என்று பக்கத்திலேயே நின்று பார்த்துக்கொண்டாள். பதினான்கு ட்ரம்களும் வெளியே வந்தன. கபீல் சத்தம் போட்டார். ஆனால் லைசென்ஸை விடவில்லை. ஜெய்னுலாப்தீன்தான் விட்டார், தம்பியை. இனிச் சேர்ந்து நடத்த வேண்டாம் என்று ஆள் அனுப்பிச் சொன்னார். ரிபாய் ஒரு டயர் கடையில் சம்பளத்துக்குச் சேர்ந்தான். விசா மாறி வருவதற்குள் இரண்டு மாதம் உயிர் ஊசலாடியது. சப்ரீனாவுக்கு டிசி வாங்கி வைத்து, பெட்டிகூடக் கட்டியாயிற்று. கடைசியில் விசா வந்தது. இரண்டு அறை வீட்டை விட்டுவிட்டு, யாழ்ப்பாணத்து யோகநாதனும் கஜாலினியும் இருந்த பிளாட்டில் ஓர் அறைக்குக் குடிபோனார்கள். துபாயில் பரீட்சை நடந்த மூன்று நாளும் கஜாலினிதான் சப்ரீனாவைப் பார்த்துக்கொண்டாள். ஷம்சியா ஒரு பரீட்சையையும் விடவில்லை.

ஆகஸ்ட் மாதம் ஒரு மாலை, வெளியே புழுக்கத்தில் ஜன்னல் கண்ணாடியெல்லாம் வேர்த்திருந்த நேரம், ஜெய்னுலாப்தீன் அந்தப் பிளாட்டின் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு கனத்த உறை. பல்கலைக்கழகம் இன்னும் கராஜின் தபால்பெட்டி எண்ணுக்கே அனுப்பிக்கொண்டிருந்தது. உறை பிரிக்கப்பட்டிருந்தது.

ரிபாய் டூட்டியிலிருந்து வரவில்லை. அவள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உள்ளே வாருங்கள் என்றாள். அவர் வரவில்லை. உறையை நீட்டினார்.

"பாஸாம்" என்றார். பக்கத்துக் கடை சேல்ஸ்மேனைக் கூப்பிட்டுப் படிக்கச் சொல்லித் தெரிந்துகொண்டதாகவும், களப்பணிக்கு நல்ல மார்க்கு என்று அந்தப் பையன் சொன்னதாகவும் சொன்னார். பிறகு கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கடையிலேர்ந்து பிரிஞ்சாச்சு. வீடும் மாறியாச்சு. பாஸும் பண்ணியாச்சு. போதும்ல, புள்ள? இத்தோட முடிஞ்சிச்சில்ல?"

ஷம்சியா உறைக்குள்ளிருந்து தாள்களை வெளியே எடுத்தாள். மதிப்பெண் தாளுக்குக் கீழே அடுத்த வருடத்துப் பாடப்பட்டியல் இருந்தது. அதை மேலே கொண்டுவந்து அவருக்குக் காட்டினாள்.

"இது மொத வருசந்தான், பெரிய மச்சான்" என்றாள். "இன்னும் ரெண்டு ஈக்குது."